நாங்கள் ‘இல்லை’ என்றுதான் அடித்தோம்: தமிழ் வழிகாட்டியைப் பராமரிக்கும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

பைத்தான் நிரல்மொழிக்கான உங்கள் லைப்ரரியின் தமிழ் வழிகாட்டி சொல்வதற்கு நேர் எதிராக நிரல் நடக்கிறது என்று நான் கொடுத்திருந்த புகாரைப் போன வாரம் மூடிவிட்டீர்கள். ஏழு மாதமாக அது திறந்து கிடந்தது. மூடும்போது உங்களில் ஒருவர் எழுதிய காரணம் இரண்டே வரி. லைப்ரரியில் பிழை எதுவும் இல்லையாம், பைத்தான் தெரிந்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தானாம். வழிகாட்டியை அடுத்த பெரிய வெளியீட்டின்போது பார்த்துக்கொள்ளலாமாம். இதை என்னால் ஏற்க முடியவில்லை. புகார்ப் பெட்டியில் மறுபடி எழுதினால் மறுபடி மூடுவீர்கள் என்பதால், எல்லாரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன். லைப்ரரியின் பெயரையோ உங்கள் பெயர்களையோ நான் எழுதவில்லை. எந்த லைப்ரரி என்று உங்களுக்குத் தெரியும், அதைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் தெரியும்.

நான் மதுரையில் சிம்மக்கல் பக்கம் ஒரு மாடி அறையில் நிரல் எழுதிப் பிழைப்பவன். மூன்று மேசை, நான்கு கணினி, அவ்வளவுதான். பூக்கடை, நெல் மண்டி, அச்சகம், ஒன்றிரண்டு ஜவுளிக்கடை என்று இந்த ஊர் வியாபாரிகளுக்குக் கணக்கு ஸ்கிரிப்ட், பில் ஸ்கிரிப்ட், குறுஞ்செய்தி அனுப்பும் ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுக்கிறேன். எல்லாமே கருப்புத் திரையில் ஓடுபவை. ஒரு வரி அடித்தால் ஓடும், இல்லாவிட்டால் குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரான் விடியற்காலையில் தானாக ஓட்டிவிடும். கட்டளை வரியில் நாங்கள் என்ன கொடுக்கிறோம், நிரல் அதை என்னவாக எடுத்துக்கொள்கிறது என்பதில்தான் எங்கள் பிழைப்பே இருக்கிறது.

உங்கள் லைப்ரரியை நான் தேர்ந்தெடுத்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே இருப்பது, கட்டளை வரியில் அடிப்பதைப் பிரித்து நிரலுக்குக் கொடுக்கப் பைத்தானோடு வரும் ஆர்க்பார்ஸ் என்ற தொகுதிதான். அதன்மேல், கட்டளையோடு கோடு போட்டுக் கொடுக்கும் விருப்பங்களுக்குத் தமிழில் பெயர் வைக்கவும் உதவிச் செய்தியைத் தமிழில் காட்டவும் வசதியாக நீங்கள் ஓர் உறை போட்டிருக்கிறீர்கள். என்னிடம் வேலை பழகும் இரண்டு பேரும் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்கள். வழிகாட்டியின் முதல் பக்கத்திலேயே, தமிழ்வழியில் படித்தவர்களுக்காக எழுதியது என்று போட்டிருக்கிறீர்கள். நான் அதை நம்பினேன். என்னைவிட அவர்கள் அதிகமாக நம்பினார்கள்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் இருக்கும் ஒரு கமிஷன் கடைக்கு நாங்கள் எழுதிக் கொடுத்த ஸ்கிரிப்ட்டில்தான் பிரச்சினை வந்தது. அந்தக் கடைக்குப் பூ கொண்டுவருகிறவர்கள் 340 பேர். வாடிப்பட்டி, சோழவந்தான், உசிலம்பட்டி, திருமங்கலம், நிலக்கோட்டை என்று சுற்று வட்டாரம் முழுக்க இருக்கிறார்கள். மதுரை மல்லிக்கு 2013-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனால் அதைப் பறித்துக் கொண்டுவருகிறவருக்கு அன்றைய விலை தெரிவது பெரும்பாடு. முகூர்த்த நாள் வந்தால் விலை ஏறும். வரத்து கூடினால், காலை ஏழு மணிக்கு இருந்த விலை ஒன்பது மணிக்கு இருக்காது. மார்கழிப் பனியில் மொட்டு குறைந்துவிட்டால் கிலோ ஆயிரங்களில் போகும். விலை தெரிந்தால்தான் மறுநாள் பூப் பறிக்க எத்தனை ஆளைக் கூப்பிடுவது, ஊரிலேயே வியாபாரியிடம் போட்டுவிடுவதா, பஸ் ஏறி மாட்டுத்தாவணிக்கே வருவதா என்று முடிவு செய்ய முடியும். மொட்டாக இருக்கும்போதே பறித்து, மலர்வதற்குள் விற்றாக வேண்டிய பொருள் அது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்க முடியாது.

அந்த 340 பேருக்கும் தினமும் விலையைக் குறுஞ்செய்தியாக அனுப்புவதுதான் ஸ்கிரிப்ட்டின் வேலை. மூன்றே விருப்பங்கள்: --விலை, --கோப்பு, --அனுப்பு. --அனுப்பு ஆம் என்று கொடுத்தால் செய்தி போகும். --அனுப்பு இல்லை என்று கொடுத்தால் செய்தி எப்படி இருக்கும் என்று திரையில் மட்டும் காட்ட வேண்டும். எழுதியவள் என்னிடம் பழகும் இருவரில் ஒருத்தி, உசிலம்பட்டிப் பக்கத்து ஊரிலிருந்து வரும் பெண். உங்கள் வழிகாட்டியின் மூன்றாம் அத்தியாயத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, அதில் இருப்பதை வரிக்கு வரி பின்பற்றி எழுதினாள். --அனுப்பு என்ற விருப்பத்துக்கு வகை ‘பூல்’, அதாவது மெய் அல்லது பொய் என்ற இரண்டே மதிப்புள்ள வகை, என்று கொடுத்தாள், உங்கள் எடுத்துக்காட்டில் அப்படித்தான் இருக்கிறது. நானும் ஒரு முறை பார்த்தேன். வழிகாட்டியில் உள்ளபடியே இருந்ததால் கேள்வி கேட்காமல் கடந்துவிட்டேன். அது என் தவறு, அதை மறைக்கவில்லை.

இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. தினமும் க்ரான் --அனுப்பு ஆம் என்றுதான் ஓட்டியது, அதனால் ‘இல்லை’ என்ற சொல்லை யாரும் கொடுத்துப் பார்க்கவே இல்லை. ஒரு நாள் சாயங்காலம் ஏழு மணி இருக்கும். நான்கு இலக்க விலை வந்தால் ஆயிரத்துக்குப் பக்கத்தில் காற்புள்ளி சரியாக விழுகிறதா என்று பார்க்க அவள் நினைத்தாள். அன்றைய விலை கிலோ 700 ரூபாய். சோதனைக்காக 2400 என்று கொடுத்து, --அனுப்பு இல்லை என்று அடித்து என்டரைத் தட்டினாள்.

திரையில் ஒன்றும் வரவில்லை. கர்சர் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. கடை முதலாளியின் எண்தான் பட்டியலில் முதலாவது. “என்னப்பா, வெலை ரெண்டாயிரத்து நானூறா? யாரு சொன்னா?” என்றார். அதற்குள் 340 பேருக்கும் போய்விட்டது.

உடனே மறுப்பு அனுப்பலாம் என்றால் அதுவும் முடியவில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, முன்கூட்டியே பதிவு செய்த வாசகத்தைத் தவிர வேறு எதையும் மொத்தமாக அனுப்ப முடியாது. “முந்தைய செய்தி தவறு” என்ற வாசகத்தை நாங்கள் பதிந்து வைத்திருக்கவில்லை. இருந்தது விலை சொல்லும் ஒரே வாசகம். அதையே 700 என்று போட்டு இரண்டாவது முறை அனுப்பினோம். ஒவ்வொருவர் போனிலும் அரை மணி நேர இடைவெளியில் இரண்டு விலை. எது சரி என்று சொல்ல ஒரு சொல்கூட அதில் இல்லை.

மறுநாள் விடியற்காலை நான் மாட்டுத்தாவணியில் நின்றேன். சோழவந்தான் பக்கமிருந்து ஒரு பாட்டி வந்திருந்தார். ஈரத் துணியில் கட்டிய பூ மூட்டையைத் தராசுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு, முந்தானையில் முடிந்து வைத்திருந்த பட்டன் போனை எடுத்து என்னிடம் நீட்டினார். “ரெண்டு வெலை போட்டிருக்கீகளே தம்பி, எதத்தான் நம்புறது? முத வந்ததத்தான் எம் பேரன் படிச்சுச் சொன்னான்” என்றார். வழக்கமாக ஊர் வியாபாரியிடம் போடுகிறவர், கூடுதலாக இரண்டு ஆளைக் கூலிக்கு வைத்துப் பறித்து, முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். அவரைப் போல 11 பேர் அன்று வந்தார்கள். முதலாளி நல்ல மனிதர். அவர்களுக்குக் கூலியும் பஸ் செலவும் போட்டுக் கொடுத்தார். அதை நான் இரண்டு மாதத் தவணையில் அவருக்குத் திருப்பிக் கொடுத்தேன். பணத்தை நான் உங்களிடம் கேட்கவில்லை. அந்தக் கணக்கு முடிந்துவிட்டது.

முடியாதது அந்தப் பெண்ணின் கணக்கு. அன்று இரவு அவள் திரையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. மேல் அம்புக்குறியை அழுத்தி அழுத்தித் தான் அடித்த வரியைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். “நான் இல்லைன்னுதாண்ணே அடிச்சேன். இங்க பாருங்க, இல்லைன்னுதான் இருக்கு” என்றாள். ஒரு இடைவெளி கூடுதலாக விழுந்துவிட்டதோ, ‘லை’ எழுத்தைத் தப்பாக அடித்துவிட்டேனோ என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுடைய நோட்டில் உங்கள் வழிகாட்டியின் வாக்கியத்தை அப்படியே எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு வைத்திருந்தாள். பூல் வகை கொடுத்தால் நிரல் ஆம், இல்லை இரண்டையும் புரிந்துகொள்ளும் என்பது அந்த வாக்கியம். வழிகாட்டி தப்பாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை, தான்தான் தப்பு என்று முடிவு செய்துவிட்டாள். அடுத்த நான்கு நாள் வரவில்லை. அவள் அம்மா போன் செய்து, “இந்த வேலை தனக்கு ஒத்துவராதுன்னு சொல்றா தம்பி” என்றார்.

அந்த நான்கு நாளில்தான் நான் மூன்றாம் அத்தியாயத்தை எழுத்து எழுத்தாகப் படித்தேன். பிறகு மூன்று வரியில் ஒரு சின்ன நிரல் எழுதி ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தேன். ‘ஆம்’ கொடுத்தால் மெய் என்று வந்தது. ‘இல்லை’ கொடுத்தாலும் மெய். ‘பொய்’, ‘வேண்டாம்’, பூஜ்யம், ஆங்கிலத்தில் ‘ஃபால்ஸ்’, எதைக் கொடுத்தாலும் மெய்தான். நடுவில் ஒன்றுமே இல்லாமல் இரண்டு மேற்கோள் குறியை மட்டும் கொடுத்தபோதுதான் பொய் என்று வந்தது.

இது ஏன் என்று உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கட்டளை வரியில் நாம் அடிப்பதெல்லாம் நிரலுக்குச் சரமாகத்தான், அதாவது வெறும் எழுத்துத் தொடராகத்தான், போய்ச் சேரும். வகை என்று நாம் கொடுப்பதை அந்தச் சரத்தின்மேல் ஒரு முறை ஓட்டி, வருவதை எடுத்துக்கொள்வதுதான் ஆர்க்பார்ஸ் செய்யும் வேலை. பைத்தானின் பூல், சரத்துக்கு அர்த்தம் பார்க்காது. சரம் காலியா, காலியில்லையா என்று மட்டும்தான் பார்க்கும். ‘இல்லை’ என்பது எழுத்துகள் உள்ள சரம், ஆகவே மெய். லைப்ரரி தன் இயல்புப்படி சரியாகத்தான் நடந்தது. லைப்ரரியில் பிழை இல்லை என்று நீங்கள் சொன்னதை நானும் ஒப்புக்கொள்கிறேன். நடப்பதற்கு நேர் எதிராக உங்கள் வழிகாட்டி சொல்கிறது. ஆகவே பிழை வழிகாட்டியில் இருக்கிறது. நான் ஏழு மாதமாகச் சொல்லிவருவதும் இதைத்தான்.

பைத்தான் தெரிந்தவர்களுக்கு இது தெரியும் என்ற காரணத்துக்கு வருகிறேன். ஆர்க்பார்ஸ் இன்று நேற்று வந்ததல்ல. பெப் 389 என்ற முன்மொழிவின் வழியாக, 2010-ல் பைத்தான் 2.7 பதிப்பிலும் 2011-ல் 3.2 பதிப்பிலும் உள்ளே வந்தது. உலகம் முழுக்க அனுபவசாலிகள் பயன்படுத்துவது. அப்படிப்பட்டதன் ஆங்கில ஆவணத்திலேயே, பூலை வகையாகக் கொடுப்பது நல்லதல்ல, அது காலிச் சரத்தைப் பொய்யாகவும் மற்றதையெல்லாம் மெய்யாகவும் மாற்றுவதைத் தவிர வேறெதுவும் செய்யாது என்று தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். எல்லாருக்கும் தெரியும் என்று அவர்கள் விட்டுவிடவில்லை. அதோடும் நிற்கவில்லை. ஆம், இல்லை இரண்டையும் ஒரே விருப்பத்தில் சொல்வதற்கென்றே 3.9-ல் தனியாக ஒரு வசதி சேர்த்தார்கள். உதவிச் செய்தியில் ‘ஆப்ஷனல் ஆர்க்யூமென்ட்ஸ்’ என்று இருந்த தலைப்பு குழப்புகிறது என்று 3.10-ல் அதை ‘ஆப்ஷன்ஸ்’ என்று மாற்றினார்கள். ஒரு தலைப்பில் ஒரு சொல், அதையும் திருத்தினார்கள். நீங்கள் ஒரு முழு எடுத்துக்காட்டையே பெரிய வெளியீட்டுக்குத் தள்ளிவைக்கிறீர்கள். வழிகாட்டியைத் திருத்த லைப்ரரியில் ஒரு வரியைக்கூடத் தொட வேண்டியதில்லையே, அதற்கு எதற்கு வெளியீடு வரைக்கும் காத்திருக்க வேண்டும்?

ஆங்கில ஆவணத்தையும் ஒருமுறை பார்த்திருக்கலாமே என்று உங்களில் இன்னொருவர் புகாரின் நடுவில் எழுதியிருந்தார். நான் பார்ப்பேன். நான் இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஆனால் நீங்கள் யாருக்காக எழுதியிருக்கிறீர்கள்? ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறிப் படிக்கிறவர்களுக்காகத்தானே? ஆங்கிலத்தில் எழுதிய பக்கம் தப்பாக இருந்தால், தேடுகிறவருக்கு நூறு இடத்தில் விளக்கம் கிடைக்கும். யாரோ ஒருவர் அதே குழியில் விழுந்து, கேட்டு, பதில் வாங்கி வைத்திருப்பார். தமிழில் இந்த விஷயத்துக்கு இப்படி முழு அளவில் ஒரு வழிகாட்டி எனக்குத் தெரிந்து உங்களுடையது மட்டும்தான். அந்தப் பெண் தேடித் தேடிக் கடைசியில் உங்கள் பக்கத்துக்கேதான் திரும்பி வந்தாள், அதில் இருந்த அதே வாக்கியத்தைத்தான் மறுபடி படித்தாள். இவ்வளவு அக்கறையோடு தமிழில் எழுத உட்கார்ந்தவர்களுக்கு இது புரியாமல் இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

பூல் ஒன்றோடு விஷயம் முடியவில்லை. தமிழில் விருப்பங்களுக்குப் பெயர் வைப்பது பற்றிய ஐந்தாம் அத்தியாயம்தான் எனக்கு இன்னும் பெரிய கவலை. உங்கள் லைப்ரரியின் பெருமையே அதுதான், ஆனால் அங்கே சொல்லியே ஆக வேண்டிய ஒன்றை நீங்கள் சொல்லவில்லை. நெல் மண்டிக்கு எழுதிய ஸ்கிரிப்ட்டில் --தொகை என்று ஒரு விருப்பம் உண்டு. மண்டிக் கணக்குப்பிள்ளை வைத்திருந்த குறிப்புக் கோப்பிலிருந்து கட்டளையை வெட்டி ஒட்டினேன். அந்தக் கோப்பு பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றியது. ஓட்டினால், --தொகை என்று ஒரு விருப்பமே கிடையாது என்றது நிரல். உதவியைக் கேட்டால் பட்டியலில் --தொகை இருக்கிறது. இரண்டையும் மேலும் கீழும் வைத்துப் பார்த்தேன், மயிரிழை வித்தியாசம்கூட இல்லை. அரை நாள் போயிற்று.

‘தொ’ என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். இரண்டும் சேர்ந்த ஒரே குறியாக ‘ொ’ என்று வைக்கலாம், இல்லாவிட்டால் ‘ெ’ தனியாகவும் ‘ா’ தனியாகவும் அடுத்தடுத்து வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், யூனிகோடு விதிப்படியும் சமமானவைதான். ஆனால் முதல் விதத்தில் ‘தொகை’ நான்கு குறி, இரண்டாவது விதத்தில் ஐந்து. ஆர்க்பார்ஸ் இரண்டு சரத்தையும் குறிக்குக் குறி ஒப்பிடும், அதனால் அவை வேறு வேறு என்று சொல்லிவிடும். ‘ோ’, ‘ௌ’ இரண்டுக்கும் இதே கதிதான். நிரலுக்குள் நாம் எழுதும் மாறிப் பெயர்களைப் பைத்தான் தானே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். கட்டளை வரியில் வரும் சரத்தை அப்படிச் செய்யாது. அதனால் ஒரு இடத்தில் சரியாக வருவது இன்னொரு இடத்தில் வராது, எதனால் என்றும் புரியாது. பைத்தானோடு வரும் யூனிகோடுடேட்டா என்ற தொகுதியைக் கொண்டு, வரும் சரங்களை ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டுக் கொடுத்தால் தீர்ந்துவிடும். ஆங்கில ஆவணம் எழுதியவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, அவர்கள் எழுத்துக்கு இப்படிக் கொம்பும் காலும் கிடையாது. இதை எழுத வேண்டியவர்கள் நீங்கள்தான். உங்களை விட்டால் எங்களுக்கு யார் சொல்வார்கள்?

அதே அத்தியாயத்தில், 3.9-ல் வந்த அந்த ஆம், இல்லை வசதியை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். அது எதிர்மறைப் பெயரைத் தானாக உருவாக்கும்போது முன்னால் ‘நோ’ என்ற ஆங்கிலச் சொல்லை ஒட்டும். --அனுப்பு என்று நாம் வைத்தால், அனுப்பாதே என்பதற்கு ஆங்கில எழுத்தில் நோ, ஒரு கோடு, அப்புறம் தமிழில் அனுப்பு என்று அடிக்க வேண்டும். நடு வரியில் விசைப்பலகையை மாற்ற வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துவது வேறு, தெரியாமல் மாட்டிக்கொள்வது வேறு.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், புகாரில் விவரமாக இருக்கிறது. நீளமான பெயரை முழுதாகக் கொடுத்தால்தான் ஏற்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியில்லை, குழப்பம் இல்லாத வரைக்கும் பெயரின் முற்பகுதியையே ஆர்க்பார்ஸ் ஏற்றுக்கொள்ளும். எங்களிடம் --பட்டியல் என்று ஒன்றும் --பட்டியல்-நீக்கு என்று ஒன்றும் இருந்தன. முதலாவதை நிரலிலிருந்து நீக்கிவிட்டோம். பழைய கட்டளை --பட்டியல் என்றே இருந்தது. நிரல் பிழை காட்டாமல் அதை --பட்டியல்-நீக்கு என்று எடுத்துக்கொண்டது. நல்ல வேளை, ஓட்டிப் பார்த்தது நகல் கோப்பில். இதைத் தடுக்க 3.5-லிருந்தே ‘அலவ் அப்ரெவ்’ என்று ஒரு வழி இருக்கிறது. வழிகாட்டியில் அதன் பெயரே இல்லை. அப்புறம், உதவி வாசகத்தில் கமிஷன் 10% என்று சதவீதக் குறியை ஒற்றையாகப் போட்டிருக்கிறீர்கள், அதை இரட்டையாகப் போடாவிட்டால் உதவி கேட்கும்போது நிரலே விழுந்துவிடும். பூ வகைகளுக்கு முன்னிருப்பாக, அதாவது பயனர் எதுவும் கொடுக்காவிட்டால் வருவதாக, மல்லி என்று ஒரு பட்டியல் கொடுத்து, பயனர் --பூ பிச்சி என்று கொடுத்தால் பிச்சி மட்டும் வரும் என்கிறீர்கள். கொடுப்பதைப் பட்டியலோடு சேர்க்கும் ‘அப்பென்ட்’ முறையில் மல்லியும் பிச்சியும் சேர்ந்துதான் வரும். கட்டளையில் பிழை இருந்தால் நிரல் 1 என்ற எண்ணோடு முடியும் என்கிறீர்கள், அது 2. நிரல் பிழையோடு முடிந்தால் எங்களுக்குச் சொல்லும் காவல் ஸ்கிரிப்ட் 1 வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. மண்டியில் மூன்று நாள் அறிக்கை போகாதது அதனால்தான்.

கோடு போட்டு வருவதையெல்லாம் ‘விருப்ப உள்ளீடு’ என்று மொழிபெயர்த்துவிட்டு, இரண்டு பக்கம் தள்ளி ‘கட்டாயமான விருப்ப உள்ளீடு’ என்று எழுதியிருப்பதைப் படித்து இங்கே இரண்டு பேரும் ஒரு நாள் முழுக்கக் குழம்பினார்கள். கோடு போட்டு வருவது கோட்டுப் பெயர், கோடு இல்லாமல் வரும் இடத்தை வைத்து அறிவது இட உள்ளீடு என்று பிரித்துச் சொன்னதும் ஐந்து நிமிடத்தில் புரிந்துகொண்டார்கள். ஆங்கிலக்காரர்கள் 3.10-ல் சரிசெய்ததும் இதே குழப்பத்தைத்தான்.

அந்தப் பெண் ஐந்தாம் நாள் திரும்பி வந்தாள். நான் அந்த மூன்று வரி நிரலை அவள் முன்னால் ஓட்டிக் காட்டினேன். ‘இல்லை’ என்று அவளையே அடிக்கச் சொன்னேன். மெய் என்று வந்ததைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “அப்ப மத்ததெல்லாம் சரியா இருக்குன்னு எப்படிண்ணே தெரியும்?” என்று கேட்டாள். அன்றிலிருந்து உங்கள் வழிகாட்டியில் உள்ள ஒவ்வொரு எடுத்துக்காட்டையும் அடித்து ஓட்டிப் பார்க்க ஆரம்பித்தாள். மொத்தம் 31. அதில் 4 எடுத்துக்காட்டுகள் நீங்கள் எழுதியிருக்கிறபடி நடக்கவில்லை. 27 சரியாக இருக்கின்றன, அதையும் அவள் குறித்து வைத்திருக்கிறாள். தப்பான நான்கையும் திருத்தி, மூன்றாம் அத்தியாயத்தின் அந்தப் பகுதியை உங்கள் நடையிலேயே புதிதாக எழுதியும் வைத்தாள். நான் உங்களுக்கு அனுப்பிய திருத்தம் அவள் எழுதியது. நீங்கள் மூடியதும் அதைத்தான்.

ஆகவே நான் கேட்பது இவைதான். முதலில், புகாரைத் திரும்பத் திறங்கள். மூன்றாம் அத்தியாயத்தில் இருக்கும் பூல் எடுத்துக்காட்டை இந்த வாரமே எடுத்துவிடுங்கள், வெளியீட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். அந்த இடத்தில், பெயரைக் கொடுத்தால் மெய், கொடுக்காவிட்டால் பொய் என்று நடக்கும் ‘ஸ்டோர் ட்ரூ’ முறையைப் போட்டு, பூலை ஏன் வகையாகக் கொடுக்கக் கூடாது என்று இரண்டு வரி எழுதுங்கள். பழைய பக்கத்தைப் பார்த்து எழுதிய ஸ்கிரிப்ட்டுகள் இன்னும் எங்கெங்கோ ஓடிக்கொண்டிருக்கும். அவர்கள் கண்ணில் படுகிற மாதிரி முதல் பக்கத்தில் ஓர் அறிவிப்பும் வையுங்கள்.

ஐந்தாம் அத்தியாயத்தில் ‘ொ’, ‘ோ’, ‘ௌ’ பற்றிய எச்சரிக்கையையும் அதற்கான தீர்வையும் சேருங்கள். முடிந்தால் உங்கள் உறையே வரும் பெயர்களை ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஆர்க்பார்ஸிடம் கொடுக்கட்டும். அது நிரல் மாற்றம் என்பதால் அடுத்த வெளியீட்டில் வந்தாலும் போதும், எச்சரிக்கை இப்போதே வேண்டும். சுருக்கப் பெயர், சதவீதக் குறி, அப்பென்ட், முடிவு எண் இந்த நான்கும் ஒவ்வொன்றும் ஒரு வரித் திருத்தம்தான். ‘விருப்ப உள்ளீடு’ என்ற சொல்லை மாற்றுவது பற்றி நீங்கள் கூடிப் பேசி முடிவெடுங்கள். எங்கள் சொல்தான் வேண்டும் என்று நான் நிற்கவில்லை, குழப்பாத ஒரு சொல் இருந்தால் சரி.

இனிமேல் வழிகாட்டியில் சேர்க்கும் ஒவ்வொரு எடுத்துக்காட்டையும் ஓட்டிப் பார்த்தபிறகே சேர்ப்பது என்று உங்களுக்குள் ஒரு விதி வையுங்கள். வழிகாட்டியில் பிழை என்று வரும் புகாரை நிரல் பிழைக்குச் சமமாக எடுத்துக்கொள்ளுங்கள், பெரிய வெளியீட்டுக்குத் தள்ளாதீர்கள். ஓட்டிப் பார்க்க ஆள் இல்லை என்றால் நாங்கள் இருக்கிறோம். வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் இங்கே இரண்டு மேசை அதற்காகவே ஒதுக்கித் தருகிறேன்.

கடைசியாக ஒன்று. திருத்தத்தை ஏற்கும்போது என் பெயரைப் போட வேண்டாம். எழுதியவளின் பெயர் திருத்தத்தோடு இணைத்த குறிப்பில் இருக்கிறது, பங்களித்தவர்கள் பட்டியலில் அதைச் சேருங்கள்.

இப்படிக்கு,
சிம்மக்கல், மதுரையிலிருந்து
உங்கள் லைப்ரரியை இன்றைக்கும் பயன்படுத்துகிற ஒருவன்